எழுத்திழந்த படச்சுருள்: லூயி ஃபெய்யாடின் வாழ்வும் 'லே வாம்பீர்' தொடர்படத்தின் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு மௌனப்பட இயக்குநர் லூயி ஃபெய்யாட் (1873–1925) குற்றக்கதைத் தொடர்படங்களால் பெரும்புகழ் பெற்றவர். 1915–16ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'லே வாம்பீர்' அவற்றுள் முதன்மையானது. அவர் மறைந்த பின்னர் இப்படம் எழுத்தட்டைகளை இழந்த நிலையில் காட்சிகளாக மட்டும் திரையிடப்பட்டு வந்தது. ஃபெய்யாடின் வாழ்க்கை வரலாற்றையும் இப்படம் உருவான சூழலையும் காக்கப்பட்ட முறையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. மௌனப்பட மீட்பு என்பது மூலபாட ஆய்வோடு ஒப்பிடத்தக்க பதிப்புப்பணி என்பதும், ஒரு படைப்பைப் பற்றிய மதிப்பீடு அது எந்நிலையில் காக்கப்பட்டது என்பதையும் சார்ந்தது என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: லூயி ஃபெய்யாட், மௌனப்படம், குற்றக்கதை, தொடர்படம், எழுத்தட்டை, நைட்ரேட் படச்சுருள், மூலபாடம்.

முன்னுரை

ஓலைச்சுவடியிலிருந்து ஒரு நூலைப் பதிப்பிப்போர் எதிர்கொள்ளும் இடர்கள் தமிழாய்வுலகம் நன்கறிந்தவை. ஏடு முறிந்திருத்தல், வரிசை மாறியிருத்தல், எழுத்துச் சிதைந்திருத்தல், படிதோறும் பாடம் வேறுபடுதல் ஆகியன அவற்றுட் சில. ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் எடுக்கப்பட்ட மௌனப்படங்களும் இத்தகைய இடர்களுக்கு உட்பட்டவையே. சுவடியில் சிதைவது எழுத்து. மௌனப்படத்திலோ காட்சி எஞ்சியிருக்க, அதனை விளக்கும் எழுத்து மட்டும் முற்றிலும் மறைந்துபோதல் உண்டு. ஃபெய்யாடின் 'லே வாம்பீர்' இதற்குத் தக்க சான்றாகும். இப்படம் அடைந்த இழப்பின் தன்மையை அறிய, அதனை உருவாக்கியவரின் வாழ்வையும் அவர் பணியாற்றிய முறையையும் முதலில் நோக்குதல் வேண்டும்.

இளமையும் இதழ்ப்பணியும்

ஃபெய்யாட் 1873ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் தென்பிரான்சின் எரோ மாவட்டத்திலுள்ள லுனெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் திராட்சைத் தோட்டங்களுக்கும் இனிப்பு மதுவுக்கும் பெயர்பெற்றது. தந்தை மதுத் தரகு வணிகர். கத்தோலிக்க சமயப் பற்றும் முடியாட்சிச் சார்பும் கொண்ட குடும்பம் அது. ஃபெய்யாட் கார்க்கசோன் நகரிலிருந்த குருமடப் பள்ளியில் பயின்றார். 1891 முதல் நான்காண்டுகள் குதிரைப்படையில் பணிபுரிந்தார். 1895இல் தம் பகுதியைச் சேர்ந்த பெண்ணை மணந்தார். இளமையிலேயே கவிதையிலும் நாடகத்திலும் நாட்டம் கொண்டிருந்தார். தென்பகுதிக்குரிய காளைவிளையாட்டில் அவர் கொண்ட ஈடுபாடு அதனைப் பற்றிய இதழ்க் கட்டுரைகளாக வெளிப்பட்டது.

எழுத்தால் வாழலாம் என்னும் நம்பிக்கையுடன் பாரிஸ் சென்ற அவர், கத்தோலிக்கப் பதிப்பகம் ஒன்றில் பணியேற்றார். 1903இல் 'லா தொமாத்' என்னும் அங்கத இதழைத் தொடங்கினார். அது சில மாதங்களே நிலைத்தது. குடும்பப் பொறுப்பும் நிலையான வருவாயின்மையும் அவரைப் புதிய தொழில் ஒன்றை நாடச் செய்தன. திரைப்படம் அக்காலத்தில் சந்தைக் கொட்டகைகளில் காட்டப்படும் வேடிக்கையாகவே கருதப்பட்டது. இலக்கிய நாட்டம் கொண்ட ஒருவர் அதனுள் நுழைவது பெருமைக்குரியதாக எண்ணப்படவில்லை.

கோமோன் நிறுவனத்தில்

லெயோன் கோமோன் நடத்திய நிறுவனத்திற்கு 1905இல் ஃபெய்யாட் கதைக்குறிப்புகள் எழுதத் தொடங்கினார். அங்குப் படத்தயாரிப்புக்குப் பொறுப்பு வகித்தவர் அலிஸ் கீ. உலகின் முதல் பெண் இயக்குநராகப் போற்றப்படுபவர் அவர். ஃபெய்யாடின் திறனறிந்து கதையெழுதவும் பின்னர் இயக்கவும் வாய்ப்பளித்தவர் அவரே. 1907இல் திருமணத்திற்குப் பின் அலிஸ் கீ அமெரிக்கா சென்றபோது, அப்பொறுப்பு ஃபெய்யாடிடம் வந்தது. அதன்பின் வாழ்நாள் இறுதிவரை அவர் தொடர்ந்து படமெடுத்தார். அவர் இயக்கியவை 600க்கும் மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை சில நிமிடங்களே ஓடும் குறும்படங்கள்.

இவ்வெண்ணிக்கை அவர்தம் பணியின் இயல்பைப் புலப்படுத்துகிறது. நகைச்சுவை, விவிலியக் கதை, வரலாறு, குடும்பக்கதை என எல்லா வகையிலும் அவர் படமெடுத்தார். 'பேபே', 'பூ த சான்' ஆகிய சிறுவர் நகைச்சுவைத் தொடர்கள் பெரும் வரவேற்புப் பெற்றன. 1911இல் 'உள்ளவாறான வாழ்க்கை' என்னும் பொருள்பட ஒரு தொடரைத் தொடங்கி, மிகையற்ற நடிப்பையும் அன்றாட வாழ்வையும் திரையில் கொணர முயன்றார். இப்பயிற்சி பின்னாளில் அவருடைய குற்றக்கதைப் படங்களுக்கு வேறொரு வகையில் பயன்பட்டது. நம்பவியலாத நிகழ்வுகளை நம்பத்தக்க இடங்களில், நம்பத்தக்க நடிப்போடு நிகழ்த்திக் காட்டும் முறை அவற்றின் தனித்தன்மையாயிற்று.

குற்றக்கதைப் படங்கள்

பியேர் சுவெஸ்தர், மார்செல் அலேன் ஆகிய இருவரும் இணைந்து எழுதிய 'ஃபாந்தோமாஸ்' நாவல்கள் 1911 முதல் 1913 வரை 32 தொகுதிகளாக வெளிவந்து விற்பனையில் சிறந்தன. பல வேடங்களில் மறைந்து திரியும் கொடிய குற்றவாளியே அவற்றின் நாயகன். ஃபெய்யாட் இவற்றைத் தழுவி 1913–14இல் ஐந்து படங்களை இயக்கினார். ரெனே நவார் ஃபாந்தோமாஸாக நடித்தார். ஒரு படத்தில் பெர்சி பகுதியின் மதுப்பீப்பாய்களிடையே துப்பாக்கிச் சண்டை நிகழ்கிறது. மற்றொன்றில் இறந்தவனின் கைத்தோலைக் கையுறையாக அணிந்து, அவனுடைய விரல்ரேகை பதியுமாறு குற்றம் புரிகிறான் ஃபாந்தோமாஸ். காவல்துறையின் விரல்ரேகைப் பதிவு முறை அன்று புதியதாக இருந்தமையின், அறிவியலையே குற்றத்திற்குக் கருவியாக்கும் இக்கற்பனை காண்போரை அச்சுறுத்தியது.

இப்படங்கள் வெளிவந்த காலச்சூழலும் நினைவிற்கொள்ளத்தக்கது. 1911–12ஆம் ஆண்டுகளில் போனோ கும்பல் எனப்பட்டோர் மோட்டார் வண்டியில் வந்து கொள்ளையிட்டுத் தப்பிய நிகழ்வுகள் பாரிஸ் மக்களை நடுங்கச் செய்திருந்தன. திரையில் மோட்டார் வண்டியில் விரையும் முகமூடிக் கொள்ளையரைக் கண்ட மக்களுக்கு அது வெறும் கற்பனையாகத் தோன்றியிராது.

போர்க்காலமும் 'லே வாம்பீர்' உருவாக்கமும்

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. நடிகரும் தொழில்நுட்பப் பணியாளரும் போர்முனைக்குச் சென்றமையால் பிரெஞ்சுத் திரைத்தொழில் நிலைகுலைந்தது. ஃபெய்யாடும் படைக்கு அழைக்கப்பட்டார். இதயக்கோளாறு காரணமாக 1915இல் விடுவிக்கப்பட்டு நிறுவனத்திற்கு மீண்டார். அவ்வேளையில் போட்டி நிறுவனமான பாத்தே, பேர்ல் வைட் நடித்த அமெரிக்கத் தொடர்படத்தைப் பிரான்சில் பெரும் விளம்பரத்துடன் வெளியிட முனைந்திருந்தது. அதற்கு ஈடுகொடுக்க வேண்டிய கட்டாயம் கோமோன் நிறுவனத்திற்கு நேர்ந்தது. இவ்வணிகத் தேவையிலிருந்தே 'லே வாம்பீர்' தோன்றியது.

1915ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இதன் முதலிரு பகுதிகள் வெளியாயின. பத்தாம் பகுதி 1916 ஜூன் திங்களில் வெளிவந்தது. பத்துப் பகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 7 மணி நேரம் ஓடுவன. பகுதிகளின் நீளம் ஒரே அளவினது அன்று. கால் மணி நேரமே ஓடும் பகுதியும் உண்டு. ஒரு மணி நேரத்தை எட்டும் பகுதியும் உண்டு. தலைப்பு இரத்தம் குடிக்கும் பேயைக் குறிப்பினும் கதையில் பேய்கள் இல்லை. 'வாம்பீர்' என்பது பாரிஸ் நகரில் இயங்கும் ஒரு கொள்ளைக் கும்பலின் பெயர். ஃபிலிப் கெராந்த் என்னும் செய்தியாளர் அக்கும்பலைத் தொடர்ந்து செல்கிறார். அவருக்குத் துணையாக வரும் மசமெத் என்னும் நகைச்சுவைப் பாத்திரத்தை மார்செல் லெவெக் ஏற்றார். விருந்துக்கு வந்த செல்வர்களை நச்சுவாயுவால் மயக்கி நகைகளைக் கவர்தல், நஞ்சு தோய்ந்த மோதிரத்தால் நடனமாதைக் கொல்லுதல், அறையிலிருந்தே சிறு பீரங்கியால் சுடுதல் எனக் கதை விரைகிறது.

கும்பலின் மையமாக விளங்கும் இர்மா வெப் என்னும் பாத்திரத்தை மூசிதோரா ஏற்றார். ழான் ரோக் என்னும் இயற்பெயர் கொண்ட இவர் இசையரங்க மேடையிலிருந்து திரைக்கு வந்தவர். உடலோடு ஒட்டிய கரிய உடையில் கூரைகளின்மீது ஏறித் திரியும் அவருடைய உருவம் இப்படத்தின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது. மூன்றாம் பகுதியில், கேளிக்கைக் கூடத்தின் வாயிலில் ஒட்டப்பட்டுள்ள சுவரொட்டியில் இர்மா வெப் என்னும் பெயரின் பிரெஞ்சு எழுத்துகள் தாமே இடம்பெயர்ந்து 'வாம்பீர்' என்னும் சொல்லாக அமைகின்றன. மௌனப்படத்தில் எழுத்தே பாத்திரமாக நடிக்கும் அரிய இடம் இது.

முழுமையாக எழுதப்பட்ட திரைக்கதை இன்றி, படப்பிடிப்பின் போக்கிலேயே கதையை வகுத்துச் செல்லும் முறையை ஃபெய்யாட் கையாண்டார். கிடைத்த நடிகர், கிடைத்த இடம், கிடைத்த நாள் ஆகியவற்றுக்கேற்பக் கதை வளைந்தது. கும்பலின் தலைவன் ஒருவன் வீழ, அடுத்தவன் தோன்றுகிறான். இவ்வாறு தலைவர்கள் மாறிக்கொண்டே இருப்பதும் இம்முறையின் விளைவே எனலாம். ஆயினும் காட்சியமைப்பில் இத்தகைய நெகிழ்வு இல்லை. ஒளிப்படக் கருவியைப் பெரும்பாலும் ஓரிடத்தில் நிறுத்தி, முன்புலத்திலும் பின்புலத்திலும் நடிகரை நுட்பமாக இடம்பெயரச் செய்து காண்போரின் கவனத்தை அவர் நெறிப்படுத்தினார். கதவு, திரைச்சீலை, சுவரலமாரி ஆகிய எளிய பொருள்களிலிருந்து அச்சம் பிறந்தது. போர்க்காலத்தில் வெறிச்சோடிய பாரிஸ் வீதிகள் தாமாகவே அப்படத்திற்கு மருட்சியூட்டும் பின்புலமாயின.

தடையும் 'ஜூடெக்ஸ்' தந்த மாற்றமும்

இத்தொடர் குற்றத்தைப் போற்றுகிறது என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. நாட்டின் இளைஞர் போர்முனையில் மடியும் காலத்தில் காவலரை எள்ளி நகையாடும் கொள்ளையரைத் திரையில் காட்டுவது தகாது எனக் கருதப்பட்டது. பாரிஸ் காவல்துறை இதன் திரையிடலைச் சிலகாலம் தடைசெய்தது. மூசிதோரா நேரில் சென்று முறையிட்டபின் தடை நீங்கியதாகக் கூறப்படுகிறது.

இத்தடையை மனத்திற்கொண்டே ஃபெய்யாட் அடுத்த தொடரான 'ஜூடெக்ஸ்' படத்தை அமைத்தார் எனலாம். ஆர்தர் பெர்னேத் என்னும் எழுத்தாளருடன் இணைந்து உருவாக்கப்பட்ட இது 1917இல் வெளிவந்தது. கருஞ்சால்வை போர்த்து மறைவில் இயங்குபவன் இங்குக் குற்றவாளி அல்லன். தீயோரைத் தண்டிக்கும் நீதிமான். நாயகனாக ரெனே கிரெஸ்தே நடித்தார். கதைக்கூறுகள் மாறாதிருக்க, அறச்சார்பு மட்டும் தலைகீழானது. ஃபெய்யாடின் இயல்பான சமயப்பற்றுக்கும் குடும்ப ஒழுக்க நோக்குக்கும் 'ஜூடெக்ஸ்' அணுக்கமானது. ஆயினும் பின்வந்தோர் மிகுதியும் போற்றியது அவர் தயக்கமின்றிக் குற்றத்தின் கவர்ச்சியைக் காட்டிய 'லே வாம்பீர்' படத்தையே என்பது நோக்கத்தக்கது.

இறுதிக்காலம்

போரின் இறுதியில் ஃபெய்யாட் தம் பணியிடத்தைத் தென்பிரான்சின் நீஸ் நகருக்கு மாற்றிக்கொண்டார். 'தி மின்', 'பராபாஸ்' ஆகிய தொடர்களை அங்கு இயக்கினார். 1921 முதல் குற்றக்கதையை விட்டு, கைவிடப்பட்ட சிறுவர் சிறுமியரின் துயர்கூறும் குடும்பத் தொடர்களுக்கு மாறினார். 'இரு சிறுமியர்', 'அனாதை', 'பாரிசெத்' முதலியன இவ்வகையின. பின்னாளில் புகழ்பெற்ற இயக்குநரான ரெனே கிளேர் இவற்றுள் நடிகராகத் தோன்றியவர்.

இக்காலத்தில் திரைப்படத்தைத் தனிக்கலையாக நிறுவ முயன்ற லூயி தெலுக் முதலிய திறனாய்வாளர்கள் ஃபெய்யாடின் தொடர்களைக் கடுமையாகத் தாக்கினர். மக்களை மகிழ்விப்பதே தம் தொழில் என்னும் நிலைப்பாட்டிலிருந்து அவர் மாறவில்லை. 1925 பிப்ரவரியில், தம் 52ஆம் வயதில், வயிற்றறைச் சவ்வு அழற்சியால் நீஸ் நகரில் காலமானார். பிறந்த ஊரான லுனெலில் அடக்கம் செய்யப்பட்டார். இரண்டரை ஆண்டுகளில் பேசும்படம் வந்தது. மௌனப்படங்கள் வணிகமதிப்பை இழந்தன. அவற்றோடு ஃபெய்யாடின் பெயரும் மங்கியது.

படச்சுருளின் அழிவியல்பு

மௌனப்படங்கள் நைட்ரேட் செல்லுலாய்டு என்னும் பொருளாலான சுருளில் எடுக்கப்பட்டவை. அது எளிதில் தீப்பற்றுவது. தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருத்தலின் நீரினுள்ளும் எரிவது. தீக்கு இரையாகாவிடினும் காலப்போக்கில் தானே சிதைவது. சிதையும்போது வெளிவரும் வாயுக்கள் ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகிப் படிமத்தை அரிக்கும். சுருள் முதலில் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், இறுதியில் பொடியாகும். படிமத்திலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவும் பழஞ்சுருள்கள் அழிக்கப்பட்டன. ஃபெய்யாடின் குறும்படங்கள் பல இன்று கிடைக்கவில்லை.

எஞ்சிய சுருளும் முழுமையான படைப்பு ஆகாது. அக்கால வழக்கில், காட்சிகளுக்கிடையே தோன்றும் எழுத்தட்டைகள் நெகட்டிவில் முழுமையாக இடம்பெறுவதில்லை. நாடுதோறும் மொழி மாற்ற வேண்டியிருந்தமையின் அவை திரையிடும் பிரதியில் தனியே ஒட்டப்பட்டன. வண்ணமும் அத்தகையதே. இரவுக்கு நீலம், விளக்கொளிக்கு மஞ்சட்பழுப்பு எனச் சாயமேற்றும் முறை பிரதிகளுக்கு மட்டும் உரியது. நெகட்டிவ் எஞ்சிப் பிரதிகள் அழியுமாயின், சொல்லும் வண்ணமும் ஒருங்கே மறையும்.

காத்தவரும் மீட்டவரும்

1936இல் ஆன்ரி லாங்லுவாவும் ஜார்ஜ் ஃப்ரான்ஜுவும் பிறரும் சேர்ந்து சினிமாதெக் பிரான்சேஸ் என்னும் திரைப்படக் காப்பகத்தை நிறுவினர். பயனற்றவை எனத் தள்ளப்பட்ட மௌனப்படங்களைத் தேடித் தொகுத்த லாங்லுவா, ஃபெய்யாடின் தொடர்களைப் புதிய தலைமுறைக்குத் திரையிட்டுக் காட்டினார். மூசிதோராவும் 1940களிலிருந்து அக்காப்பகத்தில் பணியாற்றி, மௌனப்படக் காலத்தவரின் நினைவுகளையும் ஆவணங்களையும் திரட்டும் பணியில் ஈடுபட்டார். 1957இல் அவர் மறைந்தார். இர்மா வெப்பாக நடித்தவரே அக்காலத்தின் ஆவணக் காப்பாளராகவும் வாழ்ந்தமை திரைவரலாற்றில் அரிய நிகழ்வு.

லாங்லுவா காட்டிய 'லே வாம்பீர்' எழுத்தட்டைகள் அற்றது. பாத்திரம் யார், ஒருவர் ஏன் கொல்லப்பட்டார், முந்தைய காட்சிக்கும் இதற்கும் தொடர்பு யாது என்பவற்றை அறிய வழியின்றியே போருக்குப் பிந்தைய தலைமுறையினர் அதனைக் கண்டனர். அலேன் ரெனே முதலிய இயக்குநர்கள் அதன்மீது பெரும் ஈடுபாடு கொண்டனர். காரணம் அறியப்படாத நிகழ்வுகளின் கனவு போன்ற வரிசை என்னும் மதிப்பீடு அப்படத்திற்கு உறுதிப்பட்டதில் இவ்வெழுத்திழப்புக்கும் பங்குண்டு எனக் கருதலாம்.

ஆயினும் இம்மதிப்பீடு முற்றிலும் இழப்பிலிருந்து பிறந்தது எனல் பொருந்தாது. ஆந்திரே பிரெத்தோன், லூயி அரகோன் ஆகிய மிகைமெய்ம்மைவாதிகள் எழுத்தட்டைகளோடு வெளிவந்த காலத்திலேயே இத்தொடரைக் கண்டு வியந்தவர்கள். 1920களின் இறுதியில் மூசிதோராவை மனத்திற்கொண்டு ஒரு நாடகமும் எழுதினர். ஆகவே கனவுத்தன்மை படைப்பிலேயே உள்ளது. எழுத்திழப்பு அதனை மிகுவித்தது எனக் கொள்வதே தகும்.

ஃபெய்யாடின் மகளை மணந்தவர் அவருடன் பணியாற்றிய மோரிஸ் ஷாம்ப்ரோ. இவர்களின் மகன் ழாக் ஷாம்ப்ரோ, பாட்டனாரின் படங்களை மீட்பதில் நீண்டகாலம் உழைத்தார். ஃப்ரான்ஜு 1963இல் 'ஜூடெக்ஸ்' கதையை மீண்டும் படமாக்கியபோது, ஃபெய்யாடின் வரலாற்றை எழுதிய ஃபிரான்சிஸ் லகாசனுடன் இணைந்து அதன் திரைக்கதையை அமைத்தவர் இவரே. 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சினிமாதெக் பிரான்சேஸ் 'லே வாம்பீர்' தொடரை மீட்டபோது, அப்பணி ழாக் ஷாம்ப்ரோவின் மேற்பார்வையில் நிகழ்ந்தது. எழுத்தட்டைகள் மீண்டும் அமைக்கப்பட்டன. 'ஃபாந்தோமாஸ்' படங்களைக் கோமோன் நிறுவனம் நூற்றாண்டையொட்டி 2013இல் 4கே தரத்தில் புதுப்பித்தது.

மீட்பு என்னும் பதிப்புப்பணி

இம்மீட்பு, படிமத்தைத் தூய்மை செய்வதோடு அமையாது. எழுத்தட்டையில் எச்சொல்லை இடுவது, எங்கு இடுவது, எவ்வளவு நேரம் காட்டுவது ஆகியவற்றை மீட்போர் முடிவு செய்தல் வேண்டும். நொடிக்கு எத்தனை படிமம் ஓடவேண்டும் என்பதும் முடிவுக்குரியது. கையால் சுழற்றி எடுக்கப்பட்ட படத்தைப் பேசும்பட வேகத்தில் ஓட்டினால், நிதானமாக நடக்கும் நடிகர் துள்ளி ஓடுவதுபோல் தோன்றுவார். ஃபெய்யாட் அரும்பாடுபட்டு அமைத்த மிகையற்ற நடிப்பு நகைப்பாக மாறிவிடும். சாயமில்லாப் பிரதியில் விளக்கு அணையும் காட்சி பொருளிழக்கும். பகலொளியில் எடுக்கப்பட்ட இரவுக்காட்சி பகலாகவே தோன்றும்.

'ஃபாந்தோமாஸ்' வரிசையின் இறுதிப்படத்தில் கிடைக்காத பகுதிகள் எழுத்து விளக்கத்தால் இட்டுநிரப்பப்பட்டுள்ளன. சிதைந்த அடியைப் புள்ளியிட்டுக் காட்டும் நேர்மையான பதிப்புநெறி இதனோடு ஒத்தது. எழுத்தட்டைகளை மீட்டமைப்பதோ, பதிப்பாசிரியர் பொருள்நோக்கிப் பாடத்தை ஊகித்து நிறுவுவதை ஒத்தது. முன்னது இழப்பை வெளிப்படையாகக் காட்டுகிறது. பின்னது இழப்பை மறைத்துப் படைப்பை ஓட்டமுடையதாக்குகிறது. இரண்டும் தேவையானவையே. எது மூலம், எது ஊகம் என்பது பார்ப்போர்க்குப் புலப்படுதல் வேண்டும் என்பதே இங்கு இன்றியமையாத நெறி.

முடிவுரை

நிலைபேற்றை நாடாது, அடுத்த வாரத் திரையிடலுக்காக ஃபெய்யாட் உருவாக்கிய படம், அவரை இகழ்ந்தோரின் பல படைப்புகளைக் காட்டிலும் நெடிது நிலைத்தது. எனினும் நிலைத்தது அவர் அமைத்த வடிவம் அன்று. ஒரு தலைமுறை தடையின் நிழலிலும், அடுத்த தலைமுறை எழுத்தின்றியும், பிந்தைய தலைமுறை மீட்டமைக்கப்பட்ட எழுத்தோடும் அதனைக் கண்டன. ஒவ்வொரு தலைமுறையின் மதிப்பீடும் அதற்குக் கிடைத்த பிரதியைச் சார்ந்திருந்தது. ஆதலின் மௌனப்படம் பற்றிய ஆய்வு, கதையையும் காட்சியையும் ஆராயுமுன் தன் முன்னுள்ள பிரதி எத்தகையது, அதில் எது எஞ்சியது, எது சேர்க்கப்பட்டது என வினவுதல் வேண்டும். ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பழகிய தமிழாய்வு மரபுக்கு இவ்வினா புதியதன்று. திரைப்படத்திற்கும் அது பொருந்தும் என்பதை ஃபெய்யாடின் வாழ்வும் 'லே வாம்பீர்' அடைந்த வரலாறும் உணர்த்துகின்றன.